சாயாத சாய்சதுரம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் கணக்குத் தேர்வில் எட்டு உருவங்களைக் கொடுத்து, செவ்வகங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொல்லியிருந்தார்கள். அவள் சதுரத்துக்கும் சேர்த்துத் தீட்டிவிட்டாள். ஒரு மதிப்பெண் போயிற்று. ஆசிரியர் செய்தது சரி என்றேன். செவ்வகம் என்றால் நீளமும் அகலமும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது பொதுப்புத்தி உள்ள எவருக்கும் தெரியும். பொறியாளரான என் மைத்துனர் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு, "சதுரமும் செவ்வகம்தான். எங்கே, சதுரத்தை வரையறுத்துச் சொல்லுங்கள்" என்றார். "நான்கு சம பக்கங்கள், நான்கு செங்கோணங்கள்" என்றேன். மறுநாள் சாவித் துவாரம் போன்ற ஒரு படத்தை அனுப்பி, "இதோ உங்கள் சதுரம்" என்று எழுதினார். பார்த்தால் நான்கு பக்கங்களும் சம நீளம், நான்கு மூலையிலும் செங்கோணம். ஆனால் இரண்டு பக்கங்கள் வளைந்தவை!

குடும்பக் குழுவில் இரண்டு வாரமாக இதே சண்டை. இப்போது வட்டத்துக்கு எத்தனை பக்கம் என்பதில் வந்து நிற்கிறது. மைத்துனர் எண்ணற்றவை என்கிறார், என் மனைவி ஒன்று என்கிறாள், நான் பூச்சியம் என்கிறேன். இதயம் ஒரு வடிவமா என்று மாமியார் கேட்கிறார்.

யார் சொல்வது சரி? ஒரு வடிவத்துக்கு இதுதான் சரியான வரையறை என்று யார் முடிவு செய்கிறார்கள்? அந்த ஒரு மதிப்பெண்ணுக்காகப் பள்ளிக்குப் போகலாமா? மைத்துனரும் உங்கள் வாசகர் என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை வெளியிடவில்லை. ஆனால் சாவித் துவாரம், இரண்டு வாரச் சண்டை, இதயத்தைப் பற்றிக் கேட்ட மாமியார் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் வாசித்த பிறகும் எழுதியது யார் என்று உங்கள் மைத்துனருக்குப் புரியவில்லையென்றால், அவர் கட்டும் கட்டடங்களை நினைத்து நான் கவலைப்பட வேண்டியிருக்கும்.

இலக்கியக் கேள்வி இல்லை என்று மன்னிப்பு வேறு கேட்டிருக்கிறீர்கள். ஒரு சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்று ஒரு குடும்பமே இரண்டு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறது. இதைவிட இலக்கியமான கேள்வி எனக்கு இந்த ஆண்டு வரவில்லை. பதில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. சென்ற வாரம் வெள்ளையடிப்பதற்காக என் பழைய புத்தக அலமாரி ஒன்றைச் சுவரிலிருந்து கழற்றினேன். அதன் முதுகில் குறுக்காக அடித்திருந்த ஒரு மரச்சட்டம் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து சதுரத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். "பொதுப்புத்தி உள்ள எவருக்கும் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வாதத்தில் சரக்குத் தீர்ந்தவர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம் அது. அதையும் யார்மேல் எடுத்திருக்கிறீர்கள்? ஆறாம் வகுப்புப் பிள்ளை எட்டு உருவங்களைப் பார்த்து, ஒவ்வொன்றின் மூலைகளையும் சரிபார்த்து வண்ணம் தீட்டிக்கொண்டே வந்திருக்கிறது. சதுரத்திடம் வந்ததும் பென்சில் ஒரு கணம் நின்றிருக்கும். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை அதை விட்டுவிட்டதைக்கூட அவள் பார்த்திருக்கலாம். இருந்தும் தீட்டியிருக்கிறாள். இவ்வளவையும் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அப்பா எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தாய்மாமன் மட்டும் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன?

சில்லறைக் கேள்விகளைத் தீர்த்துவிடுவோம். வட்டத்துக்கு எத்தனை பக்கம்? பக்கம் என்றால் நேர்கோட்டுத் துண்டு என்று வைத்துக்கொண்டால் உங்கள் பூச்சியம் சரி. உருவத்தைச் சூழும் கோடு என்று வைத்துக்கொண்டால் உங்கள் மனைவி சொன்ன ஒன்று சரி; பழைய கிரேக்க வடிவியல் ஆசான் யூக்ளிடும் வட்டத்தை 'ஒரே கோட்டால் சூழப்பட்ட உருவம்' என்றுதான் சொல்லத் தொடங்குகிறார். மைத்துனருடையது, பலகோணத்தின் பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் அது வட்டத்தை நெருங்கும் என்று எப்போதோ படித்ததன் அரைகுறை நினைவு. நெருங்குவது வேறு, ஆவது வேறு. ஆர்க்கிமிடீஸ் 96 பக்கங்கள் வரை போய், பையின் மதிப்பை 22/7-க்கும் 223/71-க்கும் நடுவில் பிடித்துப்போட்டுவிட்டு எழுந்துவிட்டார். பலகோணம் வட்டமாக மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

மாமியாரிடம் சொல்லுங்கள், இதயம் வடிவம்தான். ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் இல்லாமலேயே பார்த்தவுடன் எல்லோருக்கும் அது தெரிந்துவிடுகிறது. உங்கள் கடிதத்தில் நிம்மதியாக இருக்கும் ஒரே வடிவம் அது.

இனி உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. யூக்ளிட் உங்கள் கட்சி. கி.மு. 300 வாக்கில் அவர் தொகுத்த வடிவியல் நூலின் முதல் பாகத்தில் 22-ஆவது வரையறையை எடுத்துப் பாருங்கள். பக்கங்கள் சமமாகவும் கோணங்கள் செங்கோணமாகவும் இருந்தால் சதுரம். கோணங்கள் செங்கோணமாக இருந்து பக்கங்கள் சமமாக இல்லாவிட்டால் நீள் உருவம். பக்கங்கள் சமமாக இருந்து கோணங்கள் செங்கோணமாக இல்லாவிட்டால் சாய்சதுரம். ஒவ்வொருவருக்கும் தனி அறை. நடுவில் சுவர், கதவு கிடையாது. 20-ஆவது வரையறையில் முக்கோணங்களுக்கும் இதே ஏற்பாடு. இரண்டு பக்கங்கள் மட்டும் சமமாக இருந்தால்தான் இருசமபக்க முக்கோணம். மூன்றாவதும் சமமாகிவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இதைக் காட்டினால் மைத்துனர் ஒரு நாள் வாயடைத்துப் போவார்.

ஒரு நாள்தான். இரண்டாம் பாகத்தில் வேலை என்று வந்தவுடன் அதே யூக்ளிட் 'செங்கோண இணைகரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார். முதல் வரையறையே அதை வைத்துத்தான். நீளமும் அகலமும் வேறாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. அறிமுகப் படலத்தில் சுவர் எழுப்பியவருக்குக் காரியம் என்று வந்தபோது அந்தச் சுவர் தேவைப்படவில்லை.

உங்கள் குழப்பத்தைக் கணக்கின் தலையில் கட்டாதீர்கள். அது பெயரால் வந்த வினை. இதை நான் பல காலமாகச் சொல்லிவருகிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இப்போது நீங்கள் கையில் கிடைத்திருக்கிறீர்கள், விடமாட்டேன்.

செவ்வகம் என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். செம்மை, அகம். செம்மை என்றால் கோணாமை, நேர்மை. செங்கோலில் இருப்பதும் செங்கோணத்தில் இருப்பதும் அதே செம்மைதான். கோணாத மூலைகள் கொண்டது செவ்வகம். இந்தப் பெயரில் நீளம் எங்கே இருக்கிறது? அகலம் எங்கே இருக்கிறது? ஒன்றைவிட ஒன்று பெரியதாக இருக்க வேண்டும் என்று எந்த எழுத்து சொல்கிறது? ஆங்கிலத்து 'ரெக்டாங்கிள்' என்பதும் லத்தீன் வழியாக வந்த 'நேர்க்கோணம்'தான்; அதிலும் நீளம் இல்லை. ஆக, சொல்லை அப்படியே நம்பியவள் உங்கள் மகள். இல்லாததைச் சேர்த்துப் படித்தவர் நீங்கள்.

ஏன் சேர்த்துப் படித்தீர்கள்? நம் காதில் இன்னொரு சொல்லும் கிடக்கிறது: நீள்சதுரம். சதுரத்தைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தால் வருவது நீள்சதுரம். இந்தப் பெயரின்படி சதுரம்தான் மூதாதை. செவ்வகம் அதிலிருந்து நீண்டு பிறந்த பிள்ளை. வரையறையின்படியோ செவ்வகம்தான் பெரிய குடும்பம். சதுரம் அதில் ஒரு பிள்ளை. யார் யாருக்குத் தகப்பன் என்பதில் இரண்டு பெயர்களும் எதிரெதிராகச் சாட்சி சொல்கின்றன. நீங்கள் செவ்வகம் என்று எழுதுகிறீர்கள், மனத்துக்குள் நீள்சதுரம் என்று வாசிக்கிறீர்கள்.

சாய்சதுரத்தின் நிலைமை இன்னும் மோசம். நான்கு பக்கங்களும் சமமாக உள்ள நாற்கரம் சாய்சதுரம். சாய்வைப் பற்றி வரையறையில் ஒரு சொல்கூடக் கிடையாது. சதுரத்துக்கும் நான்கு பக்கங்களும் சமம் என்பதால் சதுரமும் ஒரு சாய்சதுரம். அதாவது சாயாத சாய்சதுரம்! வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கணக்கில் குற்றமில்லை, காதில் விழுந்தால் சிரிப்பு வருகிறது. இப்படி ஒரு பெயரைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, சதுரம் சாய்சதுரமா என்று தேர்வில் கேட்கிறோம்.

நீள்வட்டத்தையும் விட்டுவைப்பதற்கில்லை. இரண்டு ஊசிகளைக் குத்தி, நூல் வளையத்தை மாட்டி, பென்சிலால் இழுத்துப் பிடித்துச் சுற்றினால் நீள்வட்டம். ஊசிகளை நெருக்கிக்கொண்டே வந்து இரண்டையும் ஒரே துளையில் குத்தினால் வட்டம். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது? எங்கும் இல்லை. வட்டம் என்பது நீளாத நீள்வட்டம். ஆனால் 'நீள்' என்ற அடைமொழியைக் கேட்ட பிள்ளை, பூமி சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது என்றதும் முட்டையைப் போல ஒன்றை வரைந்து வைக்கிறது. ஒரு நீள்வட்டம் வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கு மையத்தொலைத்தகவு என்று ஓர் அளவு உண்டு; வட்டத்துக்கு அது பூச்சியம், பூமியின் பாதைக்கு 0.0167. அந்தப் பாதையை ஒரு மீட்டர் நீளத்துக்குத் தாளில் வரைந்தால், அகலம் நீளத்தைவிட 0.14 மில்லிமீட்டர் குறையும், அவ்வளவுதான். பென்சில் முனையின் தடிமனுக்குள் அந்த 'நீள்' காணாமல் போய்விடும்.

பெயரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு வெளியிலிருந்தும் ஒரு சாட்சி சொல்கிறேன். ஒரு ஜோடிப் பக்கங்கள் இணையாக உள்ள நாற்கரத்தை நாம் சரிவகம் என்கிறோம். பிரிட்டனில் அது ட்ரெபீசியம், அமெரிக்காவில் ட்ரெபீசாய்டு. அமெரிக்காவில் ட்ரெபீசியம் என்று சொன்னால் எந்தப் பக்கமும் எதற்கும் இணையாக இல்லாத நாற்கரம். 1795-இல் வெளிவந்த சார்லஸ் ஹட்டனின் கணித அகராதியில் இரண்டு பெயர்களும் இடம் மாறிவிட்டன. பிரிட்டன் பிற்பாடு பழைய வழக்குக்குத் திரும்பிவிட்டது. அமெரிக்கா மாற்றிப் போட்டதையே பிடித்துக்கொண்டது. சரிவகத்துக்கு இதனால் ஒரு பக்கமும் குறையவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். பேச்சில் நீங்கள் சொல்வது சரி. செவ்வக மேசை வேண்டும் என்று கேட்டவருக்குச் சதுர மேசையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இதுவும் செவ்வகம்தானே" என்று ஒருவர் சொன்னால் அவரைக் கணித மேதை என்று யாரும் பாராட்டமாட்டார்கள். தெரிந்ததை முழுதாகச் சொல்வது பேச்சின் மரியாதை. சதுரம் என்று தெரிந்தும் செவ்வகம் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, எதையோ மறைக்கிறார். ஆனால் அது பேச்சு. உங்கள் மகள் எழுதியது கணக்குத் தேர்வு.

சாவித் துவாரத்துக்கு வருவோம். அது நல்ல குறும்பு. உட்கார்ந்து வரைந்தே பார்த்தேன். பெரிய வட்டம் ஒன்றிலிருந்து சுமார் 48 பாகைக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். அதன் கூர்முனையில், பெரிய ஆரத்தின் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த ஆரமுள்ள சிறு வட்டத்தை உட்கார வைக்க வேண்டும். வெளி வில், இரண்டு நேர்ப் பக்கங்கள், சிறு வட்டத்தைச் சுற்றிப் போகும் வில் ஆகிய நான்கும் ஒரே நீளத்துக்கு வந்து நிற்கும். ஆரமும் வட்டமும் சந்திக்கும் இடமெல்லாம் செங்கோணம் என்பதால் நான்கு மூலையும் தேறிவிடுகிறது. பார்க்க அழகாகவே இருக்கிறது.

ஆனால் அதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. மைத்துனர் இதைக் கவனிக்கட்டும். நான்கு செங்கோணங்களில் இரண்டுதான் உருவத்துக்கு உள்ளே இருக்கின்றன. சிறு வட்டம் ஒட்டும் இடத்தில் உள்ள இரண்டும் வெளியே இருக்கின்றன. உள்ளே அளந்தால் அங்கே 270 பாகை. பக்க விஷயத்திலும் அவர் பிடிபடுகிறார். யூக்ளிட் 22-ஆவது வரையறைக்கு முன்பே, 19-ஆவதில், நேர்கோடுகளால் சூழப்பட்டவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். நீங்கள் 'நேர்ப் பக்கங்கள்' என்று சொல்ல மறந்தீர்கள், மைத்துனர் அந்தச் சந்தில் புகுந்துவிட்டார்.

இதற்காக வெட்கப்பட வேண்டாம். பெரிய இடங்களிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. 1750-இல் கணித மேதை ஆய்லர், தட்டையான முகங்களால் சூழப்பட்ட பன்முகத் திண்மங்களுக்கு ஓர் அழகான கணக்குச் சொன்னார். முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 வரும். கனச்சதுரத்துக்கு 8, 12, 6. வருகிறது. 1832-இல் ஹெஸ்ஸல் என்பவர், ஒரு கனச்சதுரத்துக்குள் இன்னொரு கனச்சதுரம் அளவுக்குக் குடைந்தெடுத்த திண்மத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். 16, 24, 12. விடை 4. இப்படிப்பட்டவை வரும்போதெல்லாம் "இதெல்லாம் பன்முகத் திண்மமே இல்லை" என்று சொல்லி வரையறையில் ஒரு சொல்லைச் சேர்த்துக் கதவை அடைத்தவர்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தத்துவவாதி இம்ரே லகடோஷ் இந்த வரலாற்றை ஒரு வகுப்பறைச் சண்டையாகவே எழுதி, அந்த உத்திக்கு அரக்கர்களைத் தடுத்தல் என்று பெயரும் வைத்தார். உங்கள் குடும்பக் குழுவில் நடப்பதும் அதுதான், எண்கள் மட்டும் சிறியவை.

வரையறை எங்கே வழுக்கும் என்பது நம் பழைய தருக்க நூலார்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய உதாரணம் பசு. 'கொம்புள்ளது பசு' என்றால் எருமையும் ஆடும் உள்ளே வந்துவிடும், அது அதிவியாப்தி. 'கபில நிறமுள்ளது பசு' என்றால் கறுப்புப் பசு வெளியே நிற்கும்; அது அவ்வியாப்தி. 'ஒற்றைக் குளம்புள்ளது பசு' என்றால் எந்தப் பசுவுமே தேறாது, அது அசம்பவம். கழுத்தின் கீழே தொங்கும் சதை மடிப்பைச் சொல்லித்தான் அவர்கள் பசுவைப் பிடித்துக் கட்டினார்கள். மைத்துனரின் சாவித் துவாரம், நீங்கள் சொன்ன சதுரத்தில் இருந்த அதிவியாப்தி. அப்படியானால் செவ்வகத்திலிருந்து சதுரத்தைத் தள்ளியது அவ்வியாப்திதானே என்று கேட்பீர்கள்.

அங்கேதான் எனக்குத் தூக்கம் போகிறது. பசுவின் விஷயத்தில் பசு முதலில் வந்து நின்றுவிட்டது, வரையறை பிறகு வந்தது. தப்பாகச் சொன்னால் பசுவைக் கைகாட்டித் திருத்தலாம். செவ்வகம் எந்தக் கொட்டகையில் கட்டியிருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வந்து, சதுரம் அதன் இனத்தைச் சேர்ந்ததா இல்லையா என்று யார் சொல்ல முடியும்? வடிவியலில் வரையறை சொன்ன பிறகுதான் பொருளே பிறக்கிறது. ஆகவே "உண்மையில் சதுரம் செவ்வகமா?" என்ற உங்கள் சண்டை, அந்த "உண்மையில்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கும்வரை தீராது. எப்படி வரையறுத்தால் வேலை நன்றாக நடக்கிறது என்று வேண்டுமானால் கேட்கலாம். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக் கூறிடும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். உங்கள் சுவர்களை எழுப்பினால், இணைகரத்திலும் செவ்வகத்திலும் சாய்சதுரத்திலும் சதுரத்திலும் என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டி அதே செய்தியைச் சொல்ல வேண்டும். பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று அடுக்குகிறாரே, அதில் 'கூறியது கூறல்' என்று ஒன்று வரும். இதுதான்.

இப்போது அலமாரி.

பல ஆண்டுகளுக்கு முன்பு, சுவரில் மாட்ட ஒரு சிறிய அலமாரி செய்யச் சொன்னேன். தச்சர் அளவு கேட்டார். ஒரு துண்டுத் தாளில் 'மேல் 60, கீழ் 60, இடம் 60, வலம் 60 சென்டிமீட்டர்' என்று எழுதிக் கொடுத்தேன். படம் போடவில்லை. எழுதத் தெரிந்தவனுக்குப் படம் எதற்கு என்ற திமிர்.

அலமாரி வந்தது. மாட்டினேன், புத்தகங்களை அடுக்கினேன். முதல் புத்தகம் இடப்பக்கப் பலகையில் சாய்ந்தது, இரண்டாவது முதலாவதின்மேல் சாய்ந்தது, கடைசிப் புத்தகம்வரை எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துத் தூங்கின. கழற்றித் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அளவு நாடாவை எடுத்து நான்கு பலகைகளையும் என் கண் முன்னால் அளந்தார். 60, 60, 60, 60. பிறகு என் துண்டுத் தாளை எடுத்து நீட்டினார். சதுரம் என்று நினைத்து நான் கேட்டிருந்தது சாய்சதுரம். கேட்டதைத்தான் அவர் கொடுத்திருந்தார்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். அலமாரியைத் தரையில் படுக்கவைத்தார். ஒரு நூலை மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்துப் பிடித்து, விரல் நகத்தால் நூலில் குறித்துக்கொண்டார். அதே நூலை மற்ற இரண்டு மூலைகளுக்கு வைத்தார். குறி எட்டவில்லை. நாடாவை வைத்துப் பார்த்தபோது ஒரு மூலைவிட்டம் 83, மற்றது 86-ஐத் தாண்டியிருந்தது. நீண்ட மூலைவிட்டத்தின் ஒரு மூலையில் கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டினார். நூல் வைத்தார். மறுபடியும் தட்டினார். நூல் வைத்தார். நான்காவது தட்டில் இரண்டு மூலைவிட்டங்களும் 85-க்கு ஒரு நூலிழை குறைவாக வந்து நின்றன. உடனே பின்பக்கத்தில் குறுக்காக ஒரு சட்டத்தை வைத்து ஆணி அடித்தார். சட்டம் விழுந்ததும் நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. முக்கோணத்தைச் சாய்க்க முடியாது.

மூலைமட்டம் இல்லையா என்று கேட்டேன். "மூலைமட்டம் ஒரு மூலையைத்தான் பார்க்கும். நூல் நான்கையும் பார்க்கும்" என்றார்.

அப்போது எனக்கு அது தொழில் நுணுக்கமாகத்தான் பட்டது. அது ஒரு வரையறை என்று புரிய இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நான்கு பக்கங்களும் சமம், இரண்டு மூலைவிட்டங்களும் சமம்: அவருடைய சதுரம் அவ்வளவுதான். அதில் கோணம் என்ற பேச்சே இல்லை. செங்கோணம் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. யூக்ளிட் கோணத்தைச் சொல்லிச் சதுரத்தைப் பிடித்தார், இவர் நூலால் பிடித்தார். கால் திருப்பம் திருப்பினாலும் மாறாமல் இருக்கும் நாற்கரம் என்று சொல்லியும் பிடிக்கலாம். ஒன்றை வரையறையாக எடுத்துக்கொண்டால் மற்றவை தேற்றங்களாகிவிடும். எந்தக் கதவு வழியாக நுழைந்தாலும் உள்ளே இருப்பது ஒரே சதுரம். இதில் எது 'சரியான' வரையறை என்று என்னைக் கேட்டால், கையில் நூல் இருப்பவருக்கு நூல்.

ஆனால் கையில் இருக்கும் கருவியே போதும் என்று இருந்துவிடவும் முடியாது. தச்சர் நூல் வைப்பதற்கு முன்பு பக்கங்களை அளந்தார், கவனித்தீர்களா? மூலைவிட்டங்கள் மட்டும் சமமாக இருந்தால் அது சரிவகமாகக்கூட இருக்கலாம். வட்டத்திலும் இதே பள்ளம் உண்டு. எந்தத் திசையில் அளந்தாலும் அகலம் ஒன்றாக இருப்பது வட்டம் என்று உங்கள் மைத்துனர் அடுத்த வாரம் சொல்லக்கூடும். சமபக்க முக்கோணம் ஒன்றின் ஒவ்வொரு முனையிலும் கவராயத்தை ஊன்றி, எதிர்ப் பக்கத்தை வில்லாக வரைந்து பாருங்கள். ரூலோ முக்கோணம் என்பார்கள். எல்லாத் திசையிலும் ஒரே அகலம், ஆனால் வட்டமில்லை. 1986-இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்ததை விசாரித்த குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பயன்படுத்தி முடித்த ராக்கெட் பகுதிகள் வட்டமாக இருக்கின்றனவா என்பதை மூன்று விட்டங்களை மட்டும் அளந்து சோதிக்கிறார்கள் என்று கேட்டபோது தாளில் இப்படியொரு உருவத்தைத்தான் வரைந்து காட்டினார். மூன்று விட்டங்களும் சமமாக இருக்கும், உருவம் வட்டமாக இருக்காது. சாவித் துவாரம் வெறும் குறும்பு என்று மைத்துனரை எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள். அவர் தொழிலுக்கு அந்தக் குறும்பு வேண்டும்.

நன்னூலார் அடுக்கிய பத்துக் குற்றங்களில் 'மற்றொன்று விரித்தல்' என்பதும் உண்டு. நீங்கள் கேட்டது மதிப்பெண்ணைப் பற்றி அல்லவா?

நீங்கள் பள்ளிக்குப் போக வேண்டாம். எதிர்க்கட்சியிலிருந்து நேற்றுத்தான் தாவியவர்கள் மேடை ஏறக் கூடாது. மகளிடம் பாடநூலில் செவ்வகத்துக்கு என்ன வரையறை போட்டிருக்கிறது என்று எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். 'எல்லாக் கோணங்களும் செங்கோணமாக உள்ள நாற்கரம்' என்பது போல இருந்தால், அந்த வரியையும் விடைத்தாளையும் அவளே ஆசிரியரிடம் எடுத்துப் போய்க் காட்டட்டும். பணிவாக, ஆனால் பின்வாங்காமல். நீளமும் அகலமும் வேறாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் அந்த மதிப்பெண் போனது போனதுதான். ஒப்புக்கொண்ட விதிப்படிதான் ஆட வேண்டும். அப்போதும் அவளிடம் யூக்ளிட் கதையைச் சொல்லுங்கள், இரண்டு பாகங்களையும் சேர்த்து. அதற்கு முன்னால், "பொதுப்புத்தி" என்று சொன்னதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். என்னிடம் கேட்ட மன்னிப்பை அங்கே மாற்றிக்கொடுத்தால் போதும்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. அவள் அந்தச் சதுரத்துக்கு என்ன வண்ணம் தீட்டினாள்? மற்றச் செவ்வகங்களுக்குத் தீட்டிய அதே வண்ணமா, வேறா?